கைவிலங்கு யாருக்கு?

நீதிமன்றத்துக்குச் செல்லும் சாலை. காலை பத்து மணி. காவலர் இருவர் நடக்கின்றனர். அவர்களுக்கிடையே ஒருவன் நடக்கிறான். அழுக்கேறிய வேட்டி, செருப்பறியாத கால், கையிலே விலங்கு. பத்தடி பின்னால், இடுப்பில் குழந்தையுடன் ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வருகிறாள். தேநீர்க் கடையில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் பெரியவர் தலை நிமிர்ந்து பார்க்கிறார். "எதையோ திருடியிருப்பான்" என்கிறார். வழக்கு எடுக்கப்படவில்லை, சாட்சி எவரும் கூண்டேறவில்லை, சட்டப் புத்தகம் இன்னும் திறக்கப்படவில்லை. ஆனால், தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்புக் கூறப்பட்டுவிட்டது!

அதே ஊர், அதே நாள். மாடி வீட்டு வாசலிலே காவல்துறை வண்டி நிற்கிறது. ஊரார் சேமித்த பணத்தைக் கோடி கோடியாக விழுங்கிய நிதி நிறுவன உரிமையாளரின் இல்லம் அது. அதிகாரி அழைப்பு மணியை அழுத்திவிட்டுப் பணிவோடு காத்திருக்கிறார். உள்ளே சீமானுக்கு நெஞ்சு வலிக்கிறது! பணம் போட்ட ஏழைப் பெண்கள் வாசலில் நின்று கதறியபோது வலிக்காத நெஞ்சு, கைது ஆணையைக் கண்டதும் வலிக்கிறது! மருத்துவமனை, குளிரூட்டிய அறை, வெள்ளை விரிப்பு. அதே தேநீர்க் கடையில் அதே பெரியவர் சொல்கிறார்: "பாவம், நல்ல மனிதர். யாரோ மாட்டிவிட்டிருக்கிறார்கள்."

முன்னவன் திருடியிருக்கலாம், திருடாமலும் இருக்கலாம். பின்னவரும் அப்படியே. இருவர் மீதும் குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. இருவருக்கும் ஒரே அரசியல் சட்டம், ஒரே குற்றவியல் சட்டம். எனினும் ஒருவன் கையில் விலங்கு. மற்றவர் கையில் பழச்சாறு! ஏன்?

நாம் தீட்டியது சித்திரம்தான். ஆனால், சித்திரத்துக்கு ஆதாரமான விதி ஒன்று, கற்பனையாக அல்ல, அச்சிட்ட எழுத்தாகவே இந்த நாட்டில் இருந்தது. பஞ்சாப் காவல் விதிகள் என்று பெயர். டெல்லியிலும் அவை நடைமுறையில் இருந்தன. விசாரணைக் கைதிகளை அவை இரு வகையாகப் பிரித்தன: 'உயர்தரக் கைதி', 'சாதாரணக் கைதி'. படிப்பு, சமூக அந்தஸ்து, வசதியான வாழ்க்கைப் பழக்கம் ஆகியவை உடையவர் உயர்தரம். அவருக்குத் தேவை ஏற்பட்டாலொழிய விலங்கு இல்லை. மற்றவனுக்கு விலங்கே வழக்கம்! தப்பி ஓடுவானா மாட்டானா என்பதைக் காலின் வேகத்தைக் கொண்டு கணிக்கவில்லை. சட்டையின் வெண்மையைக் கொண்டு கணித்தார்கள்! 1980-ஆம் ஆண்டு, பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் உள்ளிட்ட உச்ச நீதிமன்ற அமர்வு இந்தப் பாகுபாட்டைச் செல்லாது என்றது. செல்வனாய் இருப்பது நல்லவனாய் இருப்பதற்குச் சான்று ஆகாது என்னும் எளிய உண்மையை எழுத்தில் ஏற்ற, குடியரசான பின்பும் முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன!

விதி போயிற்று. விதியை எழுதிய மனம் போயிற்றா? அதைத்தான் இங்கே ஆராய விரும்புகிறோம்.

பழங்கதையிலிருந்து தொடங்குவோம். மனு என்பவன் பெயரால் வழங்கும் நூலின் எட்டாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒரே வசைச் சொல். ஆனால் ஒரே தண்டனை இல்லை. பார்ப்பனனை க்ஷத்திரியன் ஏசினால் நூறு பணம் அபராதம். சூத்திரன் ஏசினால் அவன் உடல் மீது தண்டனை. பார்ப்பனன் சூத்திரனை ஏசினால் பன்னிரண்டு பணம்! மற்றவனுக்குக் கொலைத் தண்டனை விதிக்கப்படும் இடத்தில், பார்ப்பனனுக்குத் தலை மயிரைச் சிரைத்தால் போதும். எந்தப் பாவம் செய்தாலும் அவனைக் கொல்லலாகாது. பொருளுக்குச் சேதமின்றி நாட்டைவிட்டு அனுப்பினால் போதும். "திருட்டுக்கு மேல் வருணத்தானுக்கே மிகுதியான அபராதம் விதித்திருக்கிறதே, அதை ஏன் மறைக்கிறீர்?" என்று பண்டிதர் கேட்பார். மறைக்கவில்லை, அதுவும் அந்நூலில் உண்டு. ஆனால் அங்கேயும் செயலை நிறுக்கும்போது பிறப்பைத்தான் எடைக்கல்லாக வைத்தார்கள்! நாம் மறுப்பது அந்த எடைக்கல்லையே. அந்த மனுவுக்கு 1989-இல் ஜெய்ப்பூரிலே, ராஜஸ்தான் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே சிலை வைத்தார்கள்! எதிர்ப்பு எழாமல் இல்லை. ஆனால் நீதி கேட்டு நுழையும் ஏழைக்கு அந்தச் சிலை என்ன சொல்லியிருக்கும்?

வெள்ளையர் வந்தனர். 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தது. அதில் வருணம் இல்லை. யாவர்க்கும் ஒரே பிரிவு, ஒரே தண்டனை. மறுக்கமாட்டோம், அது பெரிய மாற்றம். ஆனால் பதினோரே ஆண்டுகளில், 1871-இல், அதே ஆட்சி 'குற்றப் பரம்பரைச் சட்டம்' என்னும் விலங்கையும் வார்த்தது. குற்றம் செய்தவனைப் பிடிப்பது சட்டம் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பிறந்தவனையே பிடிப்பது இந்தச் சட்டம்! 1911-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் சென்னை மாகாணத்திலும் அது பாய்ந்தது. பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிய வேண்டும். இரவிலே ஊரைவிட்டு நகரக் கூடாது. காவல் நிலையத்தில் வந்து தலைகாட்ட வேண்டும். "கைரேகை வைக்கமாட்டோம்" என்று மதுரைச் சீமையிலே பெருங்காமநல்லூர் மக்கள் எதிர்த்து நின்றபோது, 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி பேசிற்று. பதினாறு பேர் மாண்டனர். அவர்களில் ஒருவர் பெண். அவர்களில் எவரும் கொள்ளையடித்ததற்காகச் சுடப்படவில்லை. கொள்ளையர் என்று எழுதிவைக்கப்பட்ட பட்டியலில் கையொப்பமிட மறுத்ததற்காகச் சுடப்பட்டனர்!

1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடு முழுவதிலும் அந்தச் சட்டம் நீங்கிற்று. ஆனால், அது நீங்கிய இடத்திலே 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டங்கள் வந்து அமர்ந்தன. பெயர் மாறியது, பதிவேட்டின் அட்டை மாறியது, சந்தேகத்தின் முகவரி மாறவில்லை. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பிலே, சிறை விதிகளில் குடிகொண்டிருந்த சாதியைக் களையச் சொன்னது. கூட்டுவதும் கழுவுவதும் ஒரு சாதிக்கு, சமைப்பது இன்னொரு சாதிக்கு என்று சிறைக்குள்ளேயும் வருணம் வகுத்த விதிகள். சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்த்த விதிகள்! குடியரசுக்கு எழுபத்து நான்கு வயதான பின்பும், களைவதற்கு இத்தனை களை இருந்தது!

ஆகவே நாம் சொல்ல வருவது ஒன்றே. மனு வேற்றுமையைச் சட்டத்தின் எழுத்திலே வைத்தான். இன்று அது எழுத்தில் இல்லை, சட்டத்தை ஏந்தும் கையில் இருக்கிறது. எழுத்திலே இருந்ததைக் கொளுத்த முடிந்தது. கையிலே இருப்பதை என்ன செய்வது? முதலில் அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

எங்கெங்கே அந்தக் கை வேலை செய்கிறது?

முதலாவது, யார் சொல்லை நம்புவது என்னும் இடம். சிலப்பதிகாரக் கோவலனை எண்ணிப் பாருங்கள். அரண்மனைப் பொற்கொல்லன் ஒரு சொல் சொன்னான். வெளியூரிலிருந்து வந்த, வாழ்ந்து கெட்ட ஒருவன் கையில் சிலம்பு இருந்தது. விசாரணை உண்டா? சாட்சி உண்டா? இல்லை. அரண்மனைக்குப் பழக்கமானவன் சொல் ஏறிற்று. பழக்கமில்லாதவன் தலை இறங்கிற்று. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தது சும்மா அல்ல.

காப்பியம் பழையது என்பீரோ? கீழ்வெண்மணி பழையதன்று. தஞ்சைத் தரணியிலே, நெற்களஞ்சியம் என்று நாம் புகழ்ந்து பாடும் மண்ணிலே, அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டார்கள் சேரி மக்கள். கேட்டதோடு நில்லாமல் சங்கமும் வைத்தார்கள். மிராசுதாரர்களும் 'நெல் உற்பத்தியாளர் சங்கம்' வைத்தார்கள். நெல்லை உற்பத்தி செய்தவன் சேற்றிலே. 'உற்பத்தியாளர்' என்ற பெயர் மாளிகையிலே! 1968 டிசம்பர் 25 இரவு. அடிக்கும் அடியாட்களுக்கு அஞ்சி ஒரு சிறு குடிசைக்குள் ஓடி ஒளிந்தனர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. நாற்பத்து நான்கு உயிர்கள் கருகின.

வழக்கு நடந்தது. 1970-இல் நாகை நீதிமன்றம் மிராசுதார் உள்ளிட்ட எட்டுப் பேருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில், 1973-இல், சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. விடுவித்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்றைத்தான், தோழர்களே, நாம் மறக்க முடியாது. குற்றம் சாட்டப்பட்டோர் பெரும் நிலம் உடையவர்கள், செல்வர்கள். அவர்களில் ஒருவர் காரும் வைத்திருப்பவர். அத்தகையோர் தாங்களே நேரில் நடந்து வந்து குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்புதற்கு அரிது. பழிவாங்க நினைத்திருந்தால், தாங்கள் பின்னணியில் இருந்துகொண்டு ஆட்களை ஏவியிருப்பார்கள் என்பது அந்த நினைப்பு.

கார் வைத்திருப்பவன் கால் நடக்காது! கால் நடக்காதவன் கை கொளுத்தாது! இது சட்ட நூலில் எந்தப் பிரிவு? எந்தச் சாட்சியச் சட்டத்தில் காருக்கு இடம் இருக்கிறது? கார் சாட்சி சொன்னது. கருகிய குடிசை ஊமையாயிற்று. சரி, அந்த வாதத்தை அப்படியே திருப்பிப் பாருங்கள். கார் இல்லாதவன்? அவன் நடப்பவன், ஆகவே எங்கும் நடந்திருக்கக்கூடியவன், ஆகவே எதையும் செய்திருக்கக்கூடியவன்! மிராசுதாரர் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கிலே விவசாயக் கூலிகள் தண்டனை பெற்றனர். அவர்கள் நடந்து வந்திருப்பார்களா என்று எவருக்கும் ஐயம் எழவில்லை. அவர்களிடம் கார் இல்லையே!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த இரவில் கோட்டையிலே இருந்தது அயலார் ஆட்சி அன்று. ஏழையின் சிரிப்பைப் பற்றி மேடைதோறும் பேசி, மக்கள் வாக்கைப் பெற்று வந்த ஆட்சி. பின்னர் விசாரணைக் குழு அமைந்தது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நல்லதே. ஆயினும், கூலிக்குச் சட்டம் வந்ததே தவிர, நாற்பத்து நான்கு உயிர்களுக்கு நீதி வரவில்லை. ஆட்சியைப் பிடிப்பது வேறு; ஆட்சியின் அடித்தட்டிலே, காவல் நிலையத்துத் தாழ்வாரத்திலே, சாட்சிக் கூண்டின் ஓரத்திலே ஊறிக்கிடக்கும் மேட்டுக்குடி மனத்தை மாற்றுவது வேறு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதை மறந்தால் என்ன நேரும் என்பதற்குக் கீழ்வெண்மணி நமக்குப் பாடம். பிறருக்கு முன் நமக்கு.

இரண்டாவது இடம், எந்தச் சட்டம் விழித்திருக்கிறது, எந்தச் சட்டம் உறங்குகிறது என்பது. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மலையோரப் பழங்குடி மக்களின் ஊர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் உள்ளே நுழைந்தன. வீடுகள் சூறையாடப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் கடத்தல் வழக்கில் சிறைக்கு அனுப்பப்பட்டனர். சந்தனச் சட்டம் எவ்வளவு விரைவாக வேலை செய்தது, பாருங்கள்! ஆனால், மலையிலிருந்து இறங்கிய சந்தனத்தை வாங்கியவர் யார், விற்றவர் யார், அதில் மாளிகை கட்டியவர் யார் என்று தேடி அந்தப் படை எந்த நகரத்துத் தெருவுக்குள்ளும் அப்படி நுழையவில்லை.

அரசு ஊழியர்கள் மீதான வழக்கோ நத்தையாய் நகர்ந்தது. போராடித்தான் மத்தியப் புலனாய்வு விசாரணையைப் பெற வேண்டியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29 அன்று. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு! அதற்குள் 54 பேர் இறந்து போயினர்; எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஏழையைப் பிடிக்க ஒரு பகல் போதும். ஏழைக்குக் கொடுமை செய்தவரைத் தண்டிக்க முப்பத்தோர் ஆண்டுகள். இருந்தும் வாச்சாத்திப் பெண்கள் தளரவில்லை. நீதி தானாக வரவில்லை. அவர்கள் அதை இழுத்து வந்தார்கள்.

மலக்குழிச் சட்டத்தையும் பாருங்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் பாதுகாப்பின்றி மனிதனை இறக்குவது குற்றம் என்று 2013-இல் சட்டம் இயற்றினார்கள். முதன்முறை குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறை, இரண்டு இலட்சம் வரை அபராதம். திருட்டுக்கோ மூன்றாண்டு வரை சிறை! பொருளைத் தொட்டால் மூன்று. மனிதனை நச்சுக் குழியில் இறக்கினால் இரண்டு! அந்த இரண்டையாவது அனுபவித்தவர் எத்தனை பேர்? குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு பத்து இலட்சம் என்று 2014-இலும், முப்பது இலட்சம் என்று 2023-இலும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இழப்பீட்டுத் தொகை உயர்கிறது, வேண்டிய ஒன்றே. ஆனால், இழப்பீட்டுத் தொகையை உயர்த்த வேண்டி வருகிறது என்பதன் பொருள் என்ன? இறக்குகிறவன் அஞ்சவில்லை என்பதுதானே! ஏன் அஞ்சவேண்டும்? இறக்கியவன் ஒப்பந்தக்காரன், வீட்டு உரிமையாளன், சில வேளை ஊராட்சி அதிகாரமே. இறந்தவன் ஊருக்கு இளைத்தவன். ஏழையைக் கட்டும் சட்டம் இரவும் பகலும் விழித்திருக்கிறது. ஏழையைக் காக்கும் சட்டம் குறட்டை விடுகிறது! பிச்சை எடுப்பதைத் தடுக்க 1945-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. ஒருவனைப் பிச்சை எடுக்கும் நிலைக்குத் தள்ளுவதைத் தடுக்கத்தான் சட்டம் இன்னும் பிறக்கவில்லை!

மூன்றாவது இடம், பிணை. பலருக்கும் கண்ணில் படாத இடம். ஆனால் பாழுங்கிணறு போன்ற இடம். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். தண்டனை பெற்றவர் அல்லர். குற்றவாளி என்று எந்த நீதிபதியும் கூறாதவர்கள்! அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர். கூண்டுக்குள் யார், வெளியில் யார் என்பதைக் குற்றம் மட்டுமே தீர்மானித்தால், கணக்கு இப்படி வருமா?

ஏன் உள்ளே இருக்கிறார்கள்? பலர் நீதிமன்றம் பிணை மறுத்ததால் இருக்கிறார்கள். ஆனால், பிணை கொடுத்த பிறகும் வெளியே வர இயலாதோர் இருக்கிறார்களே, அதுதான் கொடுமை! "பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் ஜாமீன்" என்று உத்தரவாகிறது. சொத்து உள்ளவர் வேண்டும். வரி கட்டிய ரசீது வேண்டும். கூலிக்காரனின் உறவினனும் கூலிக்காரன்தானே! சொத்துள்ளவன் எவன் அவனுக்காகக் கோர்ட்டுப் படி ஏறுவான்? 1978-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது மோதிராம் என்னும் கொத்தனாரின் வழக்கு. பிணையில் விடு என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கீழ் நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டது. அண்ணன் தம்பி முறையில் ஒருவர் ஜாமீன் நிற்க முன்வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளப்பட்டது! நாட்டின் உச்ச நீதிமன்றம் திறந்த கதவை ஒரு மாவட்டத்தின் எல்லைக்கல் அடைத்துவிட்டது. மீண்டும் டெல்லி வரை போய், ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பத்திரத்தின் பேரில் விடுதலை பெற்றார் அந்தக் கொத்தனார். அடுத்த ஆண்டு, 1979-இல், ஹுசைனாரா காத்தூன் வழக்கு பீகார் சிறைகளின் இருளை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் எத்தனை ஆண்டு சிறையோ, அதைவிட அதிகமான ஆண்டுகளை விசாரணைக்குக் காத்தே கழித்திருந்தார்கள் பலர்!

வழக்குகள் நீளுகின்றன என்று பெரிய மனிதரும் குறைப்படுகிறார். உண்மை, வழக்கு நீளுவது இருவருக்கும் பொது. காத்திருக்கும் இடம்தான் வேறு. ஒருவர் வீட்டுக் கூடத்தில் காத்திருக்கிறார். மற்றவன் கொட்டடியில் காத்திருக்கிறான். பணக்காரனுக்குத் தாமதம் ஒரு தந்திரம். ஏழைக்குத் தாமதமே தண்டனை.

"சட்டங்கள் திருந்தவில்லையா?" என்று கேட்கலாம். திருந்தியிருக்கின்றன. பிணையில் விடத்தக்க குற்றமாயின், ஒரு வாரத்துக்குள் ஜாமீன் தர இயலாதவனை ஏழை எனக் கருதி, சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும் என்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவன், சில வகை வழக்குகள் நீங்கலாக, உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால் பிணையில் விடச் சொல்கிறது. பிணை கிடைத்தும் ஏழு நாளில் வெளியேறாதவரின் பெயரைச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வழிவகுத்தது. ஏழைக் கைதிக்கு ஜாமீன் தொகையைக் கட்ட அரசுத் திட்டமும் 2023-இல் வந்தது. எல்லாம் நன்று. ஆனால், இவற்றை யார் அறிவார்? உள்ளே கிடப்பவன் அறியான். அறிந்தவன் உள்ளே கிடப்பதில்லை! மருந்து அலமாரியில் இருக்கிறது. நோயாளிக்கு அலமாரி இருக்கும் அறையே தெரியாது.

இவ்வளவு சொன்ன பின்னும் ஒரு கூட்டம் கேட்கும்: "சிறையில் ஏழைகளே நிறைந்திருக்கிறார்கள் என்றால், ஏழைகளே குற்றம் செய்கிறார்கள் என்பதுதானே பொருள்?" வாய்க்காலில் மட்டும் வலை வீசிவிட்டு, ஏரியில் மீனே இல்லை என்று சொல்லும் செம்படவனைக் கண்டதுண்டா? நாம் கண்டதில்லை. இத்தகைய அறிவாளிகளை மட்டும் கண்டிருக்கிறோம்! ரோந்து எந்தத் தெருவில் போகிறது? நள்ளிரவில் யார் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது? சந்தேகத்தின் பேரில் நிறுத்தப்படுவது மிதிவண்டியா, மகிழுந்தா? தேடிய இடத்தில் கிடைக்கிறது. தேடாத இடத்தில் கிடைப்பதில்லை. ஏழைகளிலும் திருடர் உண்டு, கொலைஞர் உண்டு. அவர்களுக்கு மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. ஏழை திருடினால் விட்டுவிடு என்பது நம் கோரிக்கை அன்று. இருவரையும் ஒரே கண்ணால் பார் என்பதே நம் கோரிக்கை.

"பெரிய மனிதர்களும் சிறைக்குப் போயிருக்கிறார்களே?" என்பர். போயிருக்கிறார்கள், மந்திரிகளும் முதலாளிகளும் போயிருக்கிறார்கள். அது செய்தியாகிறது, முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வருகிறது. செய்தியாகிறது என்பதே அது எவ்வளவு அரிது என்பதற்குச் சான்று. ஏழை கைதானது எந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்திருக்கிறது?

இன்னும் சிலர், "எல்லாம் தலையெழுத்து, முன்வினை" என்று முடிப்பர். அவர்கள்தாம் மிகவும் ஆபத்தானவர்கள். கைதியின் மனைவியே அப்படிச் சொல்லி அழுகிறாள். அழுதபின் கேள்வி கேட்காமல் வீடு திரும்புகிறாள். அவளைத் திரும்ப அனுப்பியது காவலர் அல்லர், அந்த மூடநம்பிக்கை! தலையிலே எழுத்தில்லை, அம்மா! எழுத்து காவல் நிலையத்துக் குறிப்பேட்டில் இருக்கிறது. அதை மனிதன் எழுதினான். மனிதன் எழுதியதை மனிதன் கேட்க முடியும். இதைச் சொல்வதுதான் பகுத்தறிவுப் பிரசாரம். கல்லுக்கு உயிரில்லை என்று காட்டுவதோடு நம் வேலை முடியவில்லை. 'பெரிய இடம்' என்ற ஒரு கல்லும் நம் மனத்தில் நட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அதையும் பெயர்க்க வேண்டும்.

எனவே, இளைஞர்களே, உங்களிடம் மேடைப் பேச்சைக் கேட்கவில்லை. மூன்று செயல்களைக் கேட்கிறோம்.

கைது செய்யப்படுவோரின் உரிமைகளை 1996-ஆம் ஆண்டின் டி. கே. பாசு தீர்ப்பு வகுத்துள்ளது. கைது செய்யும் காவலர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சிக் கையொப்பம் பெற வேண்டும். உறவினருக்கு அல்லது நண்பருக்குச் செய்தி தர வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். இவற்றை எளிய தமிழில் எழுதி உங்கள் படிப்பகத்துச் சுவரில் ஒட்டுங்கள். தலைவர்களின் படங்களுக்கு நடுவே அதற்கும் ஓரிடம் கொடுங்கள். அந்தப் படங்களுக்கு அதைவிடச் சிறந்த மாலை இல்லை.

இரண்டாவது, உங்கள் சேரியிலோ தெருவிலோ ஒருவன் அழைத்துச் செல்லப்பட்டால், "என்னவோ செய்திருப்பான்" என்று தேநீரைக் குடித்துக்கொண்டிராமல், எழுந்து கூடவே செல்லுங்கள். சண்டைக்கு அல்ல, சாட்சிக்கு. இலவசச் சட்ட உதவி என்பது பிச்சை அன்று. அரசியல் சட்டத்தின் 39ஏ பிரிவும் 1987-ஆம் ஆண்டுச் சட்டமும் தந்த உரிமை. மாவட்ட நீதிமன்றத்திலேயே அதற்கு அலுவலகம் இருக்கிறது. அந்த அறைக்கு வழி தெரியாதவரை அழைத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, கடினமானது. ஜாமீன் நில்லுங்கள்! நம்மில் சொந்த வீடு உடையோர் உண்டு. அரசுப் பணியில் இருப்போர் உண்டு. காணி நிலம் உடையோர் உண்டு. மாநாட்டுக்கு நிதி தருகிறோம். மலருக்கு விளம்பரம் தருகிறோம். சில நூறு ரூபாய்த் திருட்டு வழக்கில், பிணை கிடைத்தும் வெளிவர இயலாமல் மாதக் கணக்கில் கிடக்கும் ஒருவனுக்காக நம் வரி ரசீதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுப் படி ஏறியிருக்கிறோமா? "அவன் ஓடிவிட்டால்?" என்ற அச்சம் நமக்கும் எழுகிறதல்லவா? தோழர்களே, அந்த அச்சத்தை உற்றுப் பாருங்கள். பஞ்சாப் விதியை எழுதியவனுக்கும் அதே அச்சம்தான். காருக்கு மதிப்பளித்த தீர்ப்பின் அடியிலும் அதே மனம்தான். அது நம்மிடமும் இருக்கிறது. எதிரியிடம் மட்டும் இருப்பதாக எண்ணிக்கொண்டால் நாம் ஏமாறுவோம்.

அரசிடமும் கேட்கவேண்டும். சொத்தைக் காட்டி விடுதலை பெறும் முறையை ஒழியுங்கள். ஊரில் வேரும் உறவும் இருப்பதையே உறுதியாகக் கொள்ளுங்கள். மலக்குழி மரணம் ஒவ்வொன்றிலும் இறக்கியவனைக் கைது செய்யுங்கள். நெஞ்சு வலித்தால் சிறை மருத்துவமனையிலேயே பாருங்கள். சிறைக்குள் படிப்பையும் வசதியையும் காட்டி உயர் வகுப்புக் கேட்கும் வழியை அடையுங்கள், கட்டில் தேவை என்றால் முதியோருக்குத் தாருங்கள், நோயாளிக்குத் தாருங்கள், பட்டதாரிக்கு ஏன்?

2024-ஆம் ஆண்டு, உச்ச நீதிமன்ற நூலகத்தில் புதிய நீதி தேவதைச் சிலை வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. பழைய சிலையின் கண்ணைக் கட்டியிருந்த துணியை எடுத்துவிட்டார்களாம். வாளும் போயிற்றாம், ஒரு கையிலே தராசு, மறு கையிலே அரசியல் சட்டம். தேவதைகளில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒன்று கேட்போம். கட்டை அவிழ்த்தது சரி. திறந்த கண் எதைப் பார்க்கப் போகிறது? வாசலில் நிற்கும் காரையா? வெள்ளைச் சட்டையையா? அல்லது, காலை பத்து மணிக்கு, கையில் விலங்கோடு நடக்கும் அவனையும், அவன் பின்னால் குழந்தையோடு ஓடிவரும் அவளையுமா?

சிலை பதில் சொல்லாது. அந்தச் சாலையில் நாளைக் காலையும் ஒருவனை அழைத்துச் செல்வார்கள். தேநீர்க் கடையில் நாமும் இருப்போம். பதில் சொல்ல வேண்டியவர் நாம்!